176 பவுண்டு கெண்டியும் அதற்குச் சேராத மூடியும்

பார்சலைப் பிரித்ததும் முதலில் கைக்கு வந்தது மூடி. காற்றுக்குமிழ் உறையில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். அப்புறம் கெண்டி, அதாவது டீபாட். ரெண்டையும் சமையல் மேடையில் வைத்து, மூடியை எடுத்துக் கெண்டியின் வாயில் பொருத்தினேன். உட்கார்ந்தது. விரலால் லேசாகத் தொட்டேன். டக் டக் என்று ஆடியது. ஒரு பக்கம் நகர்த்தினால் மறுபக்கம் ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கு இடைவெளி.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, மூடி வேற பாத்திரத்தோடதா?"

பிற்பாடு நான் ரெண்டு மாதம் அலைந்து உறுதி செய்துகொண்ட விஷயத்தை அவள் ரெண்டு நொடியில் சொல்லிவிட்டாள். வீட்டில் இருக்கிற அத்தனை எவர்சில்வர் தூக்குக்கும் எது எதன் மூடி என்று இருட்டில் தடவிச் சொல்கிறவளுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில், வூஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில். எழுத்தைப் பார்த்தால் 'வொர்செஸ்டர்' என்று வாசிக்கத்தான் தோன்றும். வந்த புதிதில் அப்படியே சொல்லி பஸ்ஸில் டிக்கெட் கேட்டு, ஓட்டுநர் மூன்று தடவை "எங்கே?" என்று கேட்டிருக்கிறார். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. ரத்தம், சிறுநீர், ரிப்போர்ட். பீங்கானுக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் இந்த ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பீங்கானைப் பற்றிக் கேள்விப்படாமல் இருப்பது சிவகாசியில் பட்டாசைப் பற்றிக் கேள்விப்படாமல் இருப்பது மாதிரி. ஒரு நாள் ஏல நிறுவனம் ஒன்றின் இணையக் கேட்டலாக்கைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த லாட், அதாவது ஏலத்துக்கு வந்த அந்தச் சாமான், கண்ணில் பட்டது. 'வூஸ்டர் டீபாட், மூடியுடன், நீல அச்சு, மூன்று பூ வடிவம், சுமார் 1770.' எஸ்டிமேட், அதாவது போகும் என்று அவர்கள் மதிப்பிட்ட விலை, 60 முதல் 80 பவுண்டு. இருநூற்றைம்பது வருஷத்துச் சாமான் ஒரு நல்ல ஜோடி ஷூ விலைக்கா என்று வாயைப் பிளந்தேன். அங்கேதான் சறுக்கல் ஆரம்பம்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஏலத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் இடறும் இடம் இதுதான்.

ஏலக்காரர் சுத்தியலைத் தட்டிய விலை 110 பவுண்டு. நான் மனதில் வைத்திருந்த உச்சவரம்பு 100. "பத்துப் பவுண்டில் என்ன வந்துவிடப் போகிறது" என்று பொத்தானை அமுக்கினேன். ஆனால் அந்த 110-க்கு மேல் வாங்குபவர் தர வேண்டிய பிரீமியம் என்று ஒன்று இருக்கிறது. அந்த நிறுவனத்தில் அது 24 சதவீதம். அதன் மேல் 20 சதவீத வாட் வரி. சேர்த்தால் 28.8 சதவீதம், அதாவது 31 பவுண்டு 68 பென்ஸ். இணைய மேடை வழியாகக் கேட்டதற்குத் தனிக் கட்டணம் 4.95 சதவீதம், அதற்கும் வாட். 6 பவுண்டு 53 பென்ஸ். ஏல நிறுவனம் பார்சல் கட்டித் தருவதில்லை, வெளி ஆளைத்தான் பிடிக்க வேண்டும். அவருக்கு 28 பவுண்டு. கூட்டினால் 176 பவுண்டு 21 பென்ஸ். சுத்தியல் விலையில் அறுபது சதவீதம் கூடுதல்! இந்த விகிதமெல்லாம் கேட்டலாக்கிலேயே இருந்தது. ஒளித்து வைக்கவில்லை. நான்தான் கணக்குப் போடவில்லை.

இப்போது தலைகீழாகக் கணக்குப் போடுகிறேன். கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகலாம் என்று முதலில் முடிவு செய்வேன். அதில் பார்சல் கூலியைக் கழித்து, மீதியை 1.35-ஆல் வகுத்து வருகிற எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். ஏலம் அதைத் தாண்டினால் வாயைத் திறப்பதில்லை.

சரி, மூடிக்கு வருவோம். ஆடுகிற மூடியைப் பார்த்த பிறகு சந்தேகக் கண்ணோடு மற்றதையும் பார்த்தேன். கெண்டியின் மூக்கு நுனி ஏனோ மற்ற இடத்தைவிட வெள்ளையாக, மழமழவென்று, புதுசாகப் பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி இருந்தது. நகத்தால் தட்டினால் உடம்பில் 'டிங்' என்ற சத்தம், மூக்கு நுனியில் 'டப்'. யாரோ உடைந்த நுனியைப் பிசினால் வளர்த்து, வண்ணம் தெளித்து மறைத்திருக்கிறார்கள்.

ஏல நிறுவனத்துக்கு எழுதினேன். கோபமாகத்தான் எழுதினேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது: சாமானின் நிலைமையைச் சொல்லும் கண்டிஷன் ரிப்போர்ட்டில் சொன்னது எதுவும் தவறில்லை, பழுதைப் பார்த்துத் திருப்தி அடைவது வாங்குபவரின் பொறுப்பு, விற்பனை விதிகளில் இன்ன பத்தியில் உள்ளது. ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து வாசித்தேன். 'வயதுக்கேற்ற தேய்மானம். மூடியின் பூக்குமிழில் சிறு சில்லுகள்.' அவ்வளவுதான். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூடி இந்தக் கெண்டிக்குப் பிறந்த மூடி என்றும் எங்கேயும் சொல்லவில்லை. 'மூடியுடன்' என்றுதான் போட்டிருந்தது.

இதில் எனக்கு வெட்கமாகிப்போனதற்குக் காரணம் உண்டு. இருபது வருஷமாக என் வேலையே ரிப்போர்ட் எழுதுவது. சர்க்கரை மட்டும் பார்க்கச் சொன்னால் சர்க்கரைதான் பார்ப்போம். அந்தத் தாளில் தைராய்டு இல்லையே, அப்படியானால் தைராய்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது முடிவு கட்டினால் சிரிப்போம். கண்டிஷன் ரிப்போர்ட்டை நான் அப்படித்தான் வாசித்திருக்கிறேன். எழுதாத இடமெல்லாம் நல்ல இடம் என்று நானே நிரப்பிக்கொண்டேன்.

இப்போது ஏலத்துக்கு முன்னால் நான் அனுப்புகிற மின்னஞ்சலில் கேள்வி பொதுவாக இருக்காது. "நிலைமை எப்படி?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் வரும். மூடி கெண்டியோடு சேர்ந்ததா, பிற்பாடு சேர்த்ததா? மூக்கு நுனி, கைப்பிடி ஒட்டிய இடம், மூடியின் குமிழ் இவற்றில் எங்காவது மீள்வேலை, அதாவது உடைந்ததைச் சரிசெய்து மறைத்த வேலை, இருக்கிறதா? புற ஊதா விளக்கில் பார்த்தீர்களா? உள்பக்கத்தையும் அடியையும், மூடியைக் கழற்றி வைத்துக் கெண்டி வாயையும் படமெடுத்து அனுப்ப முடியுமா? இப்படிப் பெயர் சொல்லிக் கேட்டால் பெயர் சொல்லிப் பதில் வருகிறது. பதில் வராத கேள்விக்கு நானே மோசமான பதிலை வைத்துக்கொண்டு விலையைக் குறைப்பேன். வேலை மெனக்கெட்டுப் பத்துப் படம் அனுப்புகிற நிறுவனங்களும் இருக்கின்றன. அவர்களிடம் மூன்று பவுண்டு கூடக் கொடுத்தாலும் தகும்.

அந்தக் கெண்டியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அதை வைத்தே பாடம் படித்தேன். ஒரு சனிக்கிழமை அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஏலப் பார்வை நாள்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வயதான வியாபாரியிடம் காட்டினேன். ஏலத்துக்கு முந்தைய நாள் சாமான்களைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். அதுதான் பார்வை நாள், இங்கே வியூயிங் என்பார்கள். அவர் மூடியை முதலில் எடுத்தார். கெண்டியைத் தொடவே இல்லை. தன் போனின் டார்ச்சை மூடிக்குப் பின்னால் பிடித்தார். பீங்கான் வழியாக வந்த வெளிச்சம் இளம் ஆரஞ்சு. அப்புறம் டார்ச்சைக் கெண்டிக்குள் விட்டார். கெண்டி முழுக்கப் பச்சை. வாழைக் குருத்தை வெயிலுக்கு நேரே பிடித்த மாதிரி ஒரு பச்சை.

"கெண்டி வூஸ்டர். மூடி காஃப்லி. ரெண்டுக்கும் யாரோ கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறார்கள்" என்றார். அவர்கள் தொழிலில் அப்படித்தான் சொல்கிறார்கள், 'கல்யாணம் ஆனது' என்று. ஜாதகம் பார்க்காத கல்யாணம்.

காஃப்லி என்பது பக்கத்து ஷ்ராப்ஷையரில் இருந்த தொழிற்சாலை. அதை நடத்திய தாமஸ் டர்னர் வூஸ்டரிலிருந்து போனவர். வூஸ்டரில் நன்றாக விற்ற நீல அச்சு வடிவங்களை 1775 வாக்கிலிருந்து அவரும் போட ஆரம்பித்தார். மூன்று பூ வடிவமும் அதில் ஒன்று. அதனால்தான் மூடியிலும் அதே பூ, அதே நீலம். படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. வூஸ்டரின் அடிக்குறி ஒரு பிறை. கையால் தீட்டிய சாமானில் வெற்றுப் பிறை, அச்சு போட்டதில் உள்ளே கோடு போட்ட பிறை. காஃப்லியின் குறிகளில் ஒன்று 'சி' என்ற ஆங்கில எழுத்து. அவசரத்தில் பார்த்தால் அதுவும் பிறைதான். குறியை மட்டும் நம்பி வாங்கினால் இங்கேயே கால் வழுக்கும். குறியைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெரியவரின் சட்டம். முதலில் பார்த்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி பார்க்க ஆரம்பித்துவிடுவோம் என்றார்.

அந்தப் பச்சை வெளிச்சம் ஏன் என்று தேடிப் போனபோதுதான் எனக்கு உண்மையான பிடிப்பு வந்தது. சீனத்துப் பீங்கானின் ரகசியம் பிடிபடாமல் ஆங்கிலேயர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் திணறிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் செல்சி, போ என்ற ரெண்டு தொழிற்சாலைகள் அழகழகாகச் செய்தன. ஆனால் அன்றைய ஆங்கிலப் பீங்கானில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவது சூதாட்டம். விரிசல் விட்டாலும் விடும். டீ குடிக்கவென்று செய்த பாத்திரத்தில் டீ போடப் பயந்தால் எப்படி? 1751-ல் வூஸ்டரில் டாக்டர் ஜான் வால் என்ற மருத்துவரும், வில்லியம் டேவிஸ் என்ற மருந்துக்கடைக்காரரும், இன்னும் சிலருமாகப் பதினைந்து பேர் கூட்டுச் சேர்ந்து தொழிற்சாலை போட்டார்கள். அடுத்த வருஷமே பிரிஸ்டலில் பெஞ்சமின் லண்ட் நடத்திவந்த சிறிய தொழிற்சாலையைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அதனோடு வந்ததுதான் புதையல். கார்ன்வாலின் லிசார்ட் முனையில் கிடைக்கும் ஒரு கல்லை அரைத்து மண்ணோடு சேர்த்தால் கொதிநீரைத் தாங்கும் என்பது லண்டின் தொழிற்சாலைக்குத் தெரிந்திருந்தது.

அது என்ன கல் என்று பார்த்தேன். மாக்கல். சோப்ஸ்டோன். நம் கல்சட்டி செய்கிற அதே ஜாதிக் கல். வற்றல் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கின பிறகும் கால் மணி நேரம் கொதிக்க வைக்கிற கல்! சூட்டுக்கு அது அசையாது என்று எங்கள் பாட்டிக்குத் தெரிந்த விஷயம்தான் வூஸ்டரைத் தூக்கி நிறுத்தியது என்று நினைத்தபோது, அந்தப் பொருந்தா மூடிக் கெண்டி மேல் திடீரென்று ஒரு பாசம் வந்துவிட்டது. காஃப்லிக்காரர்களும் மாக்கல்தான் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் வெளிச்சத்தில் நிறம் வேறாகத்தான் வருகிறது.

ஒரு நாள் செவர்ன் தெருவில் இருக்கும் வூஸ்டர் பீங்கான் அருங்காட்சியகத்துக்குப் போய் மூன்று மணி நேரம் நின்றேன். பணம் செலவழிப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய காரியம். லண்டனுக்குப் போக வாய்க்கிறவர்கள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் உள்ள பீங்கான் கூடங்களைப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, கூட்டமும் கிடையாது. கண்ணாடி அலமாரி அலமாரியாக அடுக்கியிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால்தான் வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று கண்ணுக்குப் பழகும். அங்கே ஆசியப் பாத்திரங்களில் மூக்கு வைத்த ஒரு வகைக்குப் பெயர் போட்டிருப்பதைப் பார்த்தேன்: 'கெண்டி'. அந்த வார்த்தை எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போனது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பீங்கான் அறிஞர்கள் உலகமெங்கும் அதைக் கெண்டி என்றே எழுதுகிறார்கள் என்பது போதும். அன்றிலிருந்து டீபாட்டையும் நான் கெண்டி என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் காலத்துக் கெண்டிகள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று பலர் கேட்கிறார்கள். பொம்மைச் சாமானா என்று கூடக் கேட்டார் என் நண்பர் ஒருவர். டீத்தூள் விலைதான் காரணம். இங்கிலாந்தில் டீ மேல் வரி 119 சதவீதம் வரை போயிருந்தது; 1784-ல்தான் சட்டம் போட்டு அதை 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய சீமாட்டி டீப்பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள். அவள் வீட்டில் நாம் டீக்கடையில் வாங்குகிற மாதிரி ஸ்ட்ராங்காக ஒரு டம்ளர் டீ கேட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பாள்.

பார்வை நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். எங்கள் அம்மா சந்தையில் பானை வாங்கினால் இடது உள்ளங்கையில் ஏந்தி வலது கை முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள். கணீர் என்றால் காசு, இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுவாள். அதே சோதனைதான் இங்கேயும். மூடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கெண்டியை உள்ளங்கையில் தளர்வாக வைத்து நகத்தால் மெல்லத் தட்டினால் மயிரிழை விரிசல் இருக்கும் பாண்டம் தொண்டை கட்டிய மாதிரி பேசும். இறுக்கிப் பிடித்துத் தட்டினால் நல்ல பாண்டமும் அப்படித்தான் பேசும், ஏமாறாதீர்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இருநூறு வருஷத்தில் எத்தனை தடவை ஒட்டியதோ, உங்கள் கையில் வந்து கழன்றால் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். அடியில் ஒரு கை, உடம்பைச் சுற்றி ஒரு கை.

பத்துப் பவுண்டுக்கு ஒரு புற ஊதா டார்ச் வாங்கினேன். இந்தத் தொழிலில் நான் செலவழித்த காசிலேயே உருப்படியானது அதுதான். இருட்டான மூலையில் அடித்தால் பழைய மெருகு, அதாவது பீங்கான் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரிப் பூச்சு, ஒரு மாதிரியும், பிசினும் பெயிண்டும் வேறு மாதிரியும் ஒளிரும். என் முதல் கெண்டியின் மூக்கு நுனி அதில் பல் செட் மாதிரி தனியாகத் தெரிந்தது. எல்லா மீள்வேலையும் இதில் சிக்காது. கைதேர்ந்தவர்கள் இப்போது பயன்படுத்துகிற சில பொருள்கள் ஒளிர்வதில்லை. அதற்குத்தான் விரல் நுனி. உண்மையான மெருகு சில்லென்று இருக்கும். பூச்சு வேலை சற்று வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக்கைத் தொட்ட மாதிரி இருக்கும். பழைய ஆட்கள் முன்பல்லில் தட்டிப் பார்ப்பார்கள். பல்லுக்குப் பொய் சொல்ல முடியாது என்று அந்தப் பெரியவர் சொல்வார். அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் வீட்டில், கழுவிய பிறகு, செய்திருக்கிறேன். ஏல அறையில் செய்ய என் ஆய்வுக்கூடப் புத்தி விடவில்லை.

இன்னொன்று பென்சில் சோதனை. கெண்டியைக் கவிழ்த்து, அடிவளையத்தின் உள்மூலையில் பென்சிலைச் சுற்றி ஓட்டினால் வூஸ்டரில் பல நேரம் மெருகு படாத மெல்லிய ஓரம் ஒன்று இருக்கும். அதில் மட்டும் கோடு விழும். மெருகு மேல் பென்சில் வழுக்கிப் போகும். வேறு தொழிற்சாலைச் சாமானிலும் இது வருவதுண்டு. அதனால் இதுவும் ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை. நிறுவன ஊழியரிடம் கேட்டுவிட்டு ஓட்டுங்கள், பிறகு துடைத்துவிடுங்கள்.

இந்த மாதிரி சமாசாரத்தை நண்பர்களிடம் ஆரம்பித்தாலே யாராவது அந்த 15 பவுண்டு கதையைச் சொல்லிவிடுவார்கள். கதை உண்மைதான். ஒருவர் 15 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்த நீல-வெள்ளைக் கெண்டி, 2018 பிப்ரவரியில் சால்ஸ்பரியின் வூலி அண்ட் வாலிஸ் ஏலத்தில் 4,60,000 பவுண்டுக்குத் தட்டப்பட்டது. கட்டணமெல்லாம் சேர்த்து 5,75,000. மூடியே கிடையாது, கைப்பிடி உடைந்து ஒட்டியது. அது ஆங்கிலக் கெண்டி என்று நினைத்ததுதான் வேடிக்கை. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையரிலிருந்து கப்பலேறி அமெரிக்காவின் தென் கரோலினாவுக்குப் போன ஜான் பார்ட்லம் 1760-களில் அங்கே செய்தது. அமெரிக்காவில் செய்த பீங்கானில் மிகப் பழையவற்றில் ஒன்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. கேட்க இனிக்கும். ஆனால் இந்தக் கதை கேட்டவர்களில் பலர் உடைந்தாலும் விலை போகும் என்று எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற உடைசலை எல்லாம் தூசு தட்டுகிறார்கள். உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்தால் உடைசலுக்கும் விலை உண்டு. வூஸ்டர் மூன்று பூக் கெண்டி மாதம் ஒன்று ஏதாவது ஏலத்தில் வந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒரு விரிசல் விலையைப் பாதியாக்கிவிடும்.

அதுதான் எனக்கு வசதியும் ஆயிற்று. பழுதை மறைத்து வைத்த சாமானுக்கு நல்ல விலை கொடுத்து ஏமாந்தவன், பழுதை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிற சாமானைத் தேட ஆரம்பித்தேன்.

ஏழு மாதம் கழித்து கிடைத்தது. ஒரு பெட்டி நிறையக் கோப்பை, சாஸருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கெண்டி, மூடி இல்லை. கையால் தீட்டிய நீலச் சீன நிலக்காட்சி, அடியில் வெற்றுப் பிறை. கேட்டலாக்கில் அதன் பெயருக்குப் பின்னால் 'ஏ எஃப்' என்று ரெண்டு எழுத்து. இருக்கிறபடியே விற்கிறோம், அப்புறம் வந்து கேட்காதே என்று அர்த்தம். கையில் எடுத்துத் திருப்பினேன். வயிற்றின் குறுக்கே ஒரு நீள விரிசல். அதன் மேல் வரிசையாக ஏழு உலோகக் கவ்விகள், புத்தகத்துக்கு ஸ்டேப்ளர் அடித்த மாதிரி. நல்ல பசை வருவதற்கு முன் இப்படித்தான் பீங்கான் ஒட்டினார்கள். விரிசலின் ரெண்டு கரையிலும் வைர முனைத் துரப்பணத்தால் குட்டிக் குழி போடுவார்கள், மறுபக்கம் வரை போகாமல். கம்பியை அதற்கு ஒரு பொட்டு குறைவாக வளைத்து இழுத்துப் பூட்டுவார்கள். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். விரிசல் மட்டும்தான் தட்டுப்பட்டது, ஒரு குழிகூட உள்ளே எட்டவில்லை. பீங்கானின் கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இராது. நம் ஊரில் தெருவோடு போகும் ஈயம் பூசுகிறவரை நினைத்துக்கொண்டேன். யாரோ ஒருத்தி இந்தக் கெண்டியை எறிய மனமில்லாமல் அந்த மாதிரி ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள்.

டார்ச், பச்சை. பென்சில், கோடு விழுந்தது. மூக்கு நுனியில் சின்னதாய் ஒரு சில்லு போயிருக்கிறது, யாரும் மறைக்கவில்லை. கைப்பிடி அசல். சீட்டில் 45 என்று எழுதினேன்.

இந்தத் தடவை நேரில் போய் உட்கார்ந்தேன். நம் ஊர் மாதிரி 'ஒரு தரம், ரெண்டு தரம்' கிடையாது. ஏலக்காரர் 20-ல் ஆரம்பித்து 22, 25, 28, 30 என்று ரெண்டு, ஐந்து, எட்டு என்ற கணக்கில் ஏற்றினார். இந்தத் தாளம் தெரியாமல் "29" என்று கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். என் முறை 30-லா 32-லா என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். 35 எதிர்ப் பக்கம் இருந்த ஒரு அம்மாவுடையது. நான் அட்டையைத் தூக்கினேன், 38. அந்த அம்மா தலையாட்டி மறுத்தார். ஏலக்காரர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த மூன்று விநாடி எனக்கு மூன்று நிமிஷம். தட்டினார். பிரீமியம் சேர்த்து 48 பவுண்டு 94 பென்ஸ். பார்சல் கூலி இல்லை, மேடைக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு மடியில் வைத்துக்கொண்டே வந்தேன், மனைவி கார் ஓட்டினாள். "உடைஞ்சதுக்கா ஐம்பது பவுண்டு?" என்று கேட்டுவிட்டு, சிக்னலில் நின்றபோது தானே கவ்விகளை எண்ணிப் பார்த்தாள்.

நேரில் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. உங்கள் உச்ச விலையை ஏல நிறுவனத்திடமே எழுதிக் கொடுத்துவிடலாம். உங்கள் சார்பில் அவர்களே கேட்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் வாங்குவதில்லை. பொத்தானை அமுக்குகிற அரிப்பும் இருக்காது. என் முதல் கெண்டியை இப்படிக் கேட்டிருந்தால் 100-லேயே நின்றிருப்பேன், யாரோ 110-க்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

அந்த முதல் கெண்டியை விற்றுவிட்டேன். வேறொரு ஏல நிறுவனத்தில் கொடுத்து, மூடி காஃப்லி என்றும் மூக்கு நுனி மீள்வேலை என்றும் நானே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதை அப்படியே போட்டார்கள். 45 பவுண்டு. விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். 18 சதவீதமும் வாட்டும், படமெடுத்ததற்கு 2 பவுண்டு 40 பென்ஸும் போக, கைக்கு வந்தது 32 பவுண்டு 88 பென்ஸ். ஆக 143 பவுண்டு படிப்புச் செலவு. மனைவி இந்தக் கணக்கை வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறாள்.

கவ்வி போட்ட கெண்டியை ஒரு நாள் சிங்க்கில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். பழைய கவ்வி துருப்பிடிக்கும், ஊற வைக்காதே என்று பெரியவர் எச்சரித்திருந்தார், இருந்தாலும் ஆசை. பத்து நிமிஷம் ஒரு சொட்டு இல்லை. ஊற்றிப் பார்த்தேன். சில்லு போன மூக்கிலிருந்து தண்ணீர் பிசிறாமல், நூல் பிடித்த மாதிரி விழுந்தது. உடனே துடைத்துக் காயவைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்போது அதற்கு ஒரு மூடி தேடிக்கொண்டிருக்கிறேன். கெண்டி வாயை அளந்து ஒரு அட்டையை வட்டமாக வெட்டிப் பர்சில் வைத்திருக்கிறேன். பார்வை நாளில் அநாதையாகக் கிடக்கிற மூடிகளைக் கண்டால் அட்டையைக் கவிழ்த்து வைத்துப் பார்ப்பேன், அப்புறம் டார்ச் அடிப்பேன். இதுவரை ரெண்டு மூடி பச்சை காட்டின, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. போன வாரம் அந்தப் பெரியவர் என் கையில் அட்டையைப் பார்த்துவிட்டு, "இப்போது நீ கல்யாணத் தரகரா?" என்றார்.

ஆமாம் என்றேன். ஆனால் சீட்டில் எழுதி ஒட்டித்தான் வைப்பேன்.